கெட்ட ரிப்போட் ஒன்று வேண்டும்

மே மாதம் பதினான்காம் திகதி, புதன்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். மழை. தூறல் என்று நினைக்காதீர்கள். கூரைத் தகரத்தில் யாரோ சரளைக் கல்லை அள்ளிக் கொட்டுவது போன்ற மழை. பெல்மதுளைப் பக்கம் மூன்று தலைமுறையாக இருக்கிற எங்களுக்கே அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது.

அந்த நேரத்தில்தான் பின்புறத்துப் பீலிக்கரையில், குழாய்த் தண்ணீர் விழும் இடத்தில், வழுக்கி விழுந்தேன்.

விழுந்தவன் என்ன செய்வான்? கத்துவான். நான் எண்ணிப் பார்த்தேன். கை இரண்டு, கால் இரண்டு, இருந்த பல் பதினொன்றும் அப்படியே. மூக்குக் கண்ணாடி மட்டும் வாளிக்குள் கிடந்தது. இடது இடுப்பில் ஒரு வலி.

என் மனைவி பாக்கியம் குடையோடு ஓடி வந்தாள்.

"ரொட்டி தட்டுற நேரமாப் பாத்துத்தான் விழணுமா? கொஞ்சம் பொறுத்து விழுந்தா என்னாங்க?"

இதுதான் எங்கள் வீட்டு முதலுதவி.

அன்று பகல் மகளுக்குப் போன் எடுத்தோம். சுகந்தி எங்களுக்கு ஒரே பிள்ளை. அவளும் மருமகனும் டோஹாவில் இருக்கிறார்கள். ஒரு சூப்பர் மார்க்கெட் கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள். கட்டுநாயக்க விமான நிலையத்தில் கடைசியாக அவளுக்குக் கையசைத்து இரண்டு வருடம் ஒன்பது மாதம் ஆகிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவு என்றுதான் பேச்சு. போன லீவு வந்தபோது ஆள் போதாது என்று அவளை அனுப்பாமல் பணமாகக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த லீவுக்கு இன்னும் ஒன்றேகால் வருடம். எனக்கு எழுபத்தாறு வயது... மீதிக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டுச் சுவரில் மணிக்கூடு ஒன்றுதான். நான் பார்ப்பது இரண்டு நேரம். இங்கே எட்டு என்றால் அங்கே ஐந்தரை, இப்போது எழும்பியிருப்பாள். இங்கே பத்தரை என்றால் அங்கே எட்டு, வேலைக்குப் போய்ச் சேர்ந்திருப்பாள். ஒரு நாளில் எத்தனை தடவை இப்படி இரண்டரை மணியைக் கழிக்கிறேன் என்று மட்டும் நான் எண்ணுவதில்லை.

விழுந்துவிட்டேன் என்றதும் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அப்பா, எக்ஸ்ரே எடுத்தீங்களா?"

"எதுக்கும்மா? நடக்கிறேனே."

"எடுங்கப்பா. ஏதாச்சும் இருந்தா ரிப்போட்ட அனுப்புங்க. ரிப்போட் இருந்தா எமர்ஜென்சி லீவு கேக்கலாம். வாயால சொன்னா இங்க நம்ப மாட்டாங்க."

சொல்லிவிட்டு அவளே பதறினாள். "ஐயோ, ஒண்ணும் இருக்கக் கூடாதுப்பா! நான் அந்த அர்த்தத்துல சொல்லல்ல."

எனக்கு விளங்கியது. நன்றாகவே விளங்கியது.

இந்த இடத்தில் இளைய வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் தேயிலைத் தோட்டத்து ஒபிஸில் கிளாக்கராக இருந்த காலத்தில், எங்கள் பிள்ளைகள் பாதிப் பேர் கொழும்புக் கடைகளில் வேலை செய்தார்கள். திருநாள் என்றால்தான் கடையில் வியாபாரம். வியாபாரம் என்றால் லீவு இல்லை. அதனால் திருநாளுக்கு முந்தின வாரம் தகப்பன்மார் என் மேசைக்கு வருவார்கள். "கிளாக்கர் ஐயா, மகனுக்கு ஒரு தந்தி..."

சொல்லுக்கு இவ்வளவு என்று காசு வாங்கிய காலம். நான் நான்கு சொல்லுக்கு மேல் போக மாட்டேன். 'ஃபாதர் சீரியஸ் ஸ்டார்ட் இமீடியட்லி.' சாகக் கிடக்கும் அந்தத் தகப்பனே தந்தியைக் கையில் எடுத்துக்கொண்டு டவுன் வரை நடந்து போய்ப் போஸ்ட் ஒபிஸில் கொடுப்பார். திரும்பி வரும்போது கறிக்கு ஒரு கோழியும் கொண்டு வருவார்.

ஒரு முதலாளி எங்கள் தோட்டத்துப் பையன் ஒருவனைக் கூப்பிட்டுக் கேட்டாராம்: "ஏன்டா, ஒங்கப்பனுக்கு வருசத்துக்கு மூணு தரம் சீரியஸ் ஆவுதே... தீவாளிக்கு ஒண்ணு, பொங்கலுக்கு ஒண்ணு, மாரியம்மன் திருவிழாவுக்கு ஒண்ணு. மனுசன் காலண்டரப் பாத்தா படுக்கிறாரு?"

கேட்டுவிட்டு லீவும் கொடுத்தாராம். முதலாளிக்கும் தெரியும், பையனுக்கும் தெரியும். அது ஒரு ஏற்பாடு.

இப்போது தந்தியும் இல்லை, அந்த ஏற்பாடும் இல்லை. சீரியஸ் என்றால் படம் காட்ட வேண்டும். எலும்பின் படம், ஈரலின் படம், மூளையின் படம். படத்தின் கீழே இங்கிலீஷில் நான்கு வரி. கையெழுத்து.

சரி, எடுத்துவிடுவோம் என்று மறுநாளே இரத்தினபுரிக்குப் போனோம். புத்தர் திருநாளான வெசாக் முடிந்து மூன்று நாள். நனைந்த காகித விளக்குக் கூடுகள் கடை வாசல்களில் கிழிந்து தொங்கின. அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லாமல் எடுக்கலாம். அங்கே வரிசை நீளம், எனக்குப் பொறுமை குட்டை. தனியார் இடம் ஒன்றுக்குப் போனேன்.

எக்ஸ்ரே என்பது நிழல் பிடிக்கும் வேலை. கதிர் சதைக்குள் புகுந்து போய்விடும், எலும்பு தடுக்கும், தடுத்த இடம் படத்தில் வெள்ளையாக விழும். உடைந்ததா, விலகியதா, நெஞ்சில் சளி கட்டியிருக்கிறதா, காசமா... எல்லாவற்றுக்கும் முதலில் எடுப்பது இதைத்தான். இரண்டு நிமிட வேலை. படம் எடுத்த சிங்களப் பிள்ளை என்னைப் பலகையில் சரித்துப் படுக்க வைத்து, "சீயா, ஹெல்லென்ன எபா" என்றாள். தாத்தா, ஆடாதீங்க என்று அர்த்தம். ஆடவில்லை. மூச்சுக்கூட விடவில்லை.

டொக்டரும் சிங்களவர்தான். தோட்டத்து நோயாளிகளோடு பழகிப் பழகி நன்றாகத் தமிழ் பேசுவார். படத்தைத் திரையில் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"எலும்பு நல்லா இருக்கு அங்கிள். உடைவு இல்ல. வயசுக்குக் கொஞ்சம் தேய்மானம், அவ்வளவுதான்."

"ஒரு கீறல்கூட இல்லையா டொக்டர்?"

"இல்ல."

"நல்லாப் பாருங்க."

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பாக்கியம் என் முழங்கையைக் கிள்ளினாள். வெளியே வந்ததும் தொடங்கினாள்.

"எலும்பு ஒடையலன்னா ஊர்ல எல்லாரும் கோயிலுக்குத் தேங்கா ஒடைப்பாங்க. நீங்க ஒருத்தர்தான் ஒடையலியேன்னு மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு வர்றீங்க!"

ரிப்போட்டைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பினேன். "நல்லதுப்பா" என்று மகள் பதில் போட்டாள். ஒரே சொல். அந்தச் சொல்லுக்குள் என்ன இருந்தது என்று காட்டும் எக்ஸ்ரே இன்னும் வரவில்லை.

இரண்டு வாரம் போயிற்று. வயிற்றில் ஒரு பொருமல். பொய் இல்லை, கன காலமாக இருந்த பொருமல்தான். இவ்வளவு நாளும் அதை மதிக்காமல் இருந்தேன், இப்போது மதிக்கத் தொடங்கினேன். டொக்டர் ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்.

நாங்கள் சும்மா ஸ்கேன் என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான்... அல்ட்ராசவுண்ட். இதில் கதிர் இல்லை, சத்தம்தான். நம் காதுக்குக் கேட்காத சத்தத்தை உள்ளே அனுப்பி, அது பட்டுத் திரும்புவதை வைத்துப் படம் வரைகிறது மெஷின். அதனால்தான் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் பயமில்லாமல் செய்கிறார்கள். ஈரல், பித்தப்பை, சிறுநீரகம், எங்களைப் போன்ற கிழவன்மாருக்கு அடிவயிற்றுச் சுரப்பி... எல்லாம் பார்க்கலாம். நிபந்தனை ஒன்று உண்டு. சாப்பிடாமல் வர வேண்டும். தண்ணீரை வயிறு முட்டக் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். எழுபத்தாறு வயதில்!

பக்கத்து நாற்காலியில் ஒரு முஸ்லிம் பெரியவர், மாணிக்கக் கல் வியாபாரி. கால்மேல் கால் போட்டு இறுக்கிக்கொண்டிருந்தார்.

"எத்தின போத்தல் குடிச்சீங்க?" என்று கேட்டார்.

"ரெண்டு."

"நான் மூணு. இன்னம் பத்து நிமிஷத்துல அந்தக் கதவு தொறக்காட்டி, களு கங்கைக்கு வெள்ள எச்சரிக்கை குடுக்க வேண்டி வரும்."

சிரிக்க ஆசை. ஆனால் சிரிக்கக்கூடிய நிலைமையில் இருவரும் இல்லை.

"ஒங்களுக்கு என்ன நானா?" என்றேன். நானா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன்.

"கல்லு. நாப்பது வருஷமா இந்த ஊர்ல குழி குழியாக் காசு போட்டு கல்லு தேடினன். மனசுக்குப் புடிச்ச மாதிரி ஒண்ணும் அம்புடல்ல. கடைசில பாத்தா, என்ட கிட்னிக்குள்ளயே ஈக்குது. சரி, ஒங்களுக்கு என்ன வருத்தம்?"

அந்த மனிதரிடம் மறைக்கத் தோன்றவில்லை. "வருத்தம், நோய் ஒண்ணும் இல்ல நானா. அதத் தேடித்தான் வந்தேன். ரிப்போட்ல ஏதாவது இருந்தா மகளுக்கு வெளிநாட்டுல லீவு குடுப்பாங்க" என்றேன்.

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிவிட்டுத் திரும்பப் போட்டார்.

"என்ட மகன் லண்டன்ல. அஞ்சி வருஷம்" என்றார். பிறகு என் பக்கம் சரிந்து, "நல்ல வருத்தமாக் கெடச்சா எனக்கும் செல்லுங்க. நானும் அதயே எடுக்கிறன்."

உள்ளே போனேன். வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவி, ஒரு கட்டையை உருட்டி உருட்டிப் பார்த்தார்கள். திரையில் பழைய டிவியில் மழை பெய்வது போல ஏதோ அசைந்தது. சுகந்தி வயிற்றில் இருந்தபோது இந்த மெஷின் எங்கள் பக்கம் வந்திருக்கவில்லை. பிறந்த பிறகுதான் அவளைப் பார்த்தோம், பார்த்த கையோடு தூக்கிக்கொண்டோம். இப்போது போனில் அவளைப் பார்ப்பதுதான் எனக்கு ஸ்கேன் மாதிரி இருக்கிறது... கலங்கலாக, துண்டு துண்டாக, தொட முடியாமல்.

முடிவு? ஈரல் நலம். சிறுநீரகம் இரண்டும் நலம். கல் இல்லை. இரத்தினபுரிப் பக்கம் பிறந்து வளர்ந்தவனுக்கு ஒரு பொடிக் கல்கூட இல்லை.

"நல்லதுப்பா" என்றாள் மகள். இரண்டாவது நல்லது.

மூன்றாவதாக வந்தது தலைச்சுற்று. இதை நான் தேடவில்லை, அதுவாகவே வந்தது. ஜூன் மாதம் ஒரு காலை நாற்காலியிலிருந்து எழுந்தேன், சுவர் ஒரு பக்கமாக ஓடியது. டொக்டர் இந்த முறை சிரிக்காமல் கேட்டார்.

"அன்னைக்கு விழுந்தப்போ தலை அடிபட்டதா அங்கிள்?"

"ஞாபகம் இல்லையே."

"சி.டி. எடுத்துப் பாத்திருவோம். வயசானவங்களுக்கு விழுந்து சில வாரம் கழிச்சும் மூளைக்கு மேல ரத்தம் மெதுவாக் கசிஞ்சு நிக்கலாம்."

சி.டி. என்பதும் எக்ஸ்ரேயின் பெரியண்ணன்தான். ஒரு வளையம் நம்மைச் சுற்றிச் சுற்றிப் படம் பிடிக்கும். ஒரு றாத்தல் பாண் ரொட்டியைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது போல. இரத்தக் கசிவு, பக்கவாதம், அடிபட்ட மண்டை... அவசரத்துக்கு இதுதான் கைகொடுக்கும். கதிர் அளவு கூட என்பதால் தேவையில்லாமல் எடுக்க மாட்டார்கள். எம்.ஆர்.ஐ. என்பது வேறு சாதி, அது காந்தம். கதிர் கிடையாது. ஆனால் அரை மணி நேரத்துக்கு மேலும் குழாய்க்குள் கிடக்க வேண்டும். உடம்பில் ஒரு ஊசிகூட இருக்கக் கூடாது. தகரத்தில் சுத்தியலால் அடிப்பது போலச் சத்தம் வேறு. நரம்பு, முதுகெலும்புத் தட்டு, மென்மையான சதை இவற்றுக்கெல்லாம் அதுதான் நல்லதாம்.

"அப்படியே எம்.ஆர்.ஐ.யும் ஒண்ணு எடுத்திருவோமா டொக்டர்?"

"ஏன்?"

"முழுமையா இருக்கட்டுமே..."

"எல்லாப் பக்கத்தாலயும் எடுத்து வைக்கிறதுக்கு இது கல்யாணப் படமா அங்கிள்? ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கேள்வி இருக்கணும். கேள்வி இல்லாட்டி படம் எதுக்கு?"

என்னிடம் கேள்வி இருந்தது. அவரிடம் கேட்கக்கூடிய கேள்வி இல்லை.

வளையத்துக்குள் படுத்திருந்தபோது முதன்முறையாகப் பயந்தேன். கண்ணை மூடிக்கொண்டு வேண்டிக்கொண்டேன். எப்படி வேண்டினேன் தெரியுமா? மகள் வருகிற அளவுக்கு நோய் வேண்டும்; ஆனால் அவளோடு உட்கார்ந்து சோறு தின்கிற அளவுக்கு உயிரும் வேண்டும். இப்படி ஒரு விண்ணப்பம் என் மேசைக்கு வந்திருந்தால் நானே திருப்பி அனுப்பியிருப்பேன்.

கசிவு இல்லை. கட்டி இல்லை. தலைச்சுற்று பிரஷர் மாத்திரை கூடிப்போனதால் வந்ததாம். அதைப் பாதியாகக் குறைத்தார். ஆனால் ரிப்போட்டில் ஒரு வரி இருந்தது. 'ஏஜ் ரிலேட்டட் செரிப்ரல் அட்ரஃபி.'

"அது என்ன டொக்டர்?"

"வயசுக்கு ஏத்த சுருக்கம். முகத்துல சுருக்கம் வரல்லியா? உள்ளேயும் அப்படித்தான். எங்க வயசு ஆட்களுக்கும் தொடங்கியிருக்கும். ஒண்ணுமில்ல."

ஒரு வரியையும் மறைக்காமல் முழுத் தாளையும் படம் பிடித்து அனுப்பினேன். கால் மணி நேரம் ஆகவில்லை. போன் அடித்தது.

"அப்பா! நான் யாருன்னு சொல்லுங்க!"

"நீதானே போன் எடுத்த? ஒனக்கே தெரியலியா?"

"வெளையாடாதீங்கப்பா! மூளை சுருங்கிருச்சின்னு போட்டிருக்கு!"

"வயசுக்கு ஏத்த சுருக்கம்மா. டொக்டர் ஒண்ணுமில்லன்னுட்டாரு."

"அம்மாகிட்ட குடுங்க."

பாக்கியம் போனை வாங்கினாள். "மூளையா? நாப்பத்தஞ்சு வருசமா நானும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். புதுசா ஒண்ணும் கொறையல."

மறுநாள் சாயங்காலம் மகள் மீண்டும் எடுத்தாள். இந்த முறை குரல் வேறு மாதிரி. மேனேஜரிடம் ரிப்போட்டைக் காட்டினாளாம். அவர் கேரளத்துக்காரர். "டொக்டர் நார்மல்னு சொன்னதையும் சொல்லிட்டேன்பா. பொய் சொல்ல வாய் வரல்ல" என்றாள். அவர் அந்தத் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். அப்பாவைப் பார்த்து எத்தனை நாள் என்று கேட்டாராம். சொன்னாளாம். பத்து நாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டாராம்.

நான் விரலில் பத்து நாளை எண்ணினேன். பாக்கியம் அதற்குள் மகளுக்கு என்ன சமைப்பது என்று நெத்தலிக் கருவாட்டுக் குழம்பு வரைக்கும் போய்விட்டாள்.

"ஆனா அப்பா..."

"என்னம்மா?"

"இந்த எமர்ஜென்சி லீவு ஒரு காண்ட்ராக்ட்டுக்கு ஒரு தடவைதான் குடுப்பாங்க. இப்ப எடுத்துட்டா, அடுத்த லீவு வரைக்கும்..."

நிறுத்திவிட்டாள். கணக்குப் படித்த பிள்ளை. கூட்டத் தெரியும், விடையைச் சொல்லத்தான் முடியவில்லை. நான் சொன்னேன்.

"நடுவுல எனக்கு ஒண்ணு ஆகிட்டா ஒனக்கு வர ஏலாது. அதானே?"

"அப்பிடிச் சொல்லாதீங்கப்பா. மேனேஜர் இன்னும் மேல அனுப்பல்ல. நிப்பாட்டி வைக்கச் சொன்னா வைப்பாரு. நீங்க சொல்லுங்க. என்னா செய்யட்டும்?"

எங்கள் தோட்டங்களில் பிள்ளை வந்து சேராமல் பிணத்தைத் தூக்க மாட்டார்கள். கொழும்பு பஸ் வரும் வரை தப்பு மேளம் அடித்துக்கொண்டே காத்திருப்பார்கள். வாய்க்கரிசி பிள்ளை கையால் விழ வேண்டும். எனக்கு இருப்பது ஒரே கை. அது டோஹாவில் இருக்கிறது. அந்த நாளில் ஊர் கேட்கும், மகள் வந்தாச்சா என்று. பாக்கியம் என்ன பதில் சொல்வாள்? அவளைத் திரும்பிப் பார்த்தேன். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாம்மா," என்றேன். "நான் முழிச்சிக்கிட்டு இருக்கிற காலத்துல வந்துட்டுப் போ. அன்னைக்கு நீ ஓடி வந்தா மட்டும், நான் எழும்பி 'சாப்பிட்டியாம்மா'ன்னு கேக்கவா போறேன்?"

அந்தப் பக்கம் அழுதாள். இந்தப் பக்கம் பாக்கியம் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சுகந்தி வருகிறாள். பத்து நாளில் வரவும் போகவும் இரண்டு போய்விடும். எட்டு நாள் எங்களுக்கு.

எக்ஸ்ரே, ஸ்கேன், சி.டி., டொக்டர், பஸ், த்ரீவீலர் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். மொத்தச் செலவு: முப்பத்து நாலாயிரத்து நூற்றெண்பது ரூபாயும், என் சாவு வீட்டில் ஒரு மகளும்.